ஏ.எம்.எச். சோதனை: 'கருவளம்' வேண்டாம், 'சினைமுட்டை இருப்பு' போதும்

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் 'ஓவேரியன் ரிசர்வ்' எனப்படுவதற்கும் அதைக் காட்டும் சோதனைக்கும் தமிழ்ப் பெயர் எது என்ற உரையாடலில் பலர் பல சொற்களை முன்வைத்துள்ளனர். சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் அளவை இரத்தத்திலுள்ள ஹார்மோனைக் கொண்டு மதிப்பிடும் சோதனைக்குக் 'கருவளச் சோதனை' என்ற பெயரே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அப்பெயர் விளம்பரங்களில் பரவியிருக்கலாம். ஆனால் அச்சோதனை சொல்லாத ஒன்றை அது சொல்வதாக்கிவிடுகிறது.

ஏ.எம்.எச். என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் கூறும் 'ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்', சினைப்பையில் வளரத் தொடங்கிய சிறு நுண்பைகளில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் செல்களிலிருந்து சுரக்கிறது. உறங்கிக் கிடக்கும் நுண்பைகள் அதைச் சுரப்பதில்லை. எனவே ஆய்வகம் தரும் எண், முட்டைகளை எண்ணிப் பெற்றதன்று. வளர்பவற்றின் அளவிலிருந்து எஞ்சியவற்றை உய்த்துணர்வதே ஆகும். முட்டையின் தரத்தைப் பற்றி அது ஏதும் கூறுவதில்லை. தரம் பெரும்பாலும் வயதைச் சார்ந்தது.

2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான, இயல்பாகக் கருத்தரிக்க முயன்ற பெண்கள் பங்கேற்றனர். இந்த ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 0.7 நானோகிராமுக்கும் குறைவாக இருந்தவர்கள், இயல்பான அளவு உடையவர்களைவிடக் கருத்தரிப்பதில் பின்தங்கவில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் ஊசிமருந்தின் அளவை முடிவு செய்யவும், எத்தனை முட்டைகள் கிடைக்கும் என முன்கூட்டி அறியவுமே இவ்வெண் பெரிதும் பயன்படுகிறது. அப்படியிருக்க, அறிக்கையில் 'கருவளம் குறைவு' என்று அச்சிட்டால், அதைப் படிக்கும் பெண்ணும் அவளுடைய வீட்டாரும் இனிக் குழந்தையே பிறக்காது என்றுதானே எண்ணுவார்கள்? நம் சமூகத்தில் அச்சொல் ஒரு பெண்ணின் மீது சுமத்தும் பழியை நாம் அறியாதவர்கள் அல்லர்.

'சினைப்பைச் சேமிப்பு' என்ற பரிந்துரையும் பொருந்தவில்லை. சேமிப்பு என்றால் மேலும் சேர்க்க முடியும் என்ற எண்ணம் எழும். இருபது வாரக் கருவில் அறுபது, எழுபது லட்சமாக இருக்கும் முட்டைச் செல்கள், பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சமாகவும், பூப்படையும்போது சில லட்சங்களாகவும் குறைகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ நானூறே. எதுவும் புதிதாகச் சேர்வதில்லை. 'இருப்பு' என்பதில் அந்த மயக்கம் இல்லை. கடைக்காரர் முதல் கணக்காளர் வரை எல்லோரும் அறிந்த சொல்லும்கூட.

ஹார்மோனின் பெயரில் உள்ள 'ஆன்டி' என்பதை 'எதிர்' என்று பெயர்த்து, 'முல்லர் எதிர்ச்சுரப்பு' எனலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெண் கருவில் கருப்பையாக வளரும் முல்லர் நாளத்தை ஆண் கருவில் மறையச் செய்வதால் வந்த பெயர் அது. சினைப்பையில் அது ஆற்றும் பணியை அப்பெயர் உணர்த்தாது. பெண்ணின் உடலுக்கு எதிராக ஏதோ சுரக்கிறது என்று அவள் அஞ்சவும் கூடும். ஆகவே ஏ.எம்.எச். என்றே விட்டுவிடலாம்.

என் பரிந்துரை இதுதான்: உடல்நிலையைக் குறிக்கச் 'சினைமுட்டை இருப்பு', அளவு தாழ்ந்திருந்தால் 'குறை இருப்பு', சோதனைக்குச் 'சினைமுட்டை இருப்புக் கணிப்பு'. 'அளவீடு' என்னாமல் 'கணிப்பு' என்றதற்குக் காரணம் உண்டு. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் பார்க்கும் எஃப்.எஸ்.எச். (நுண்பைகளை வளரத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ரடயால் (சினைப்பை சுரக்கும் ஹார்மோன்) ஆகியவையும், ஸ்கேனில் நுண்பைகளை எண்ணுவதும் இதே கணிப்பின் உறுப்புகள். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்க்கு ஏ.எம்.எச். குறைந்து காட்டும், சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் (பி.சி.ஓ.எஸ்.) உடையவர்க்கு மிகுந்து காட்டும். இவ்வாறு ஏறி இறங்கும் ஒன்றை அளவீடு என்பது மிகை.

இலங்கை நண்பர்கள் சினைப்பையைச் சூலகம் என்றும், முட்டையைச் சூல் என்றும் வழங்குவதால், அவர்களுக்குச் 'சூல் இருப்பு' என்பது இன்னும் இயல்பாக அமையும். சினைப்பைக்குத் தமிழகப் பாடநூல்கள் தரும் 'அண்டகம்' என்பதிலிருந்து 'அண்ட இருப்பு' என ஆக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்; பொது வாசகருக்கு அது வானியலை நினைவூட்டும்.