புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி வாக்கிங்: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு வயது 64. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ முறையில் ஆபரேஷன் ஆகி, இப்போது மறுபடி நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் நடக்கிறேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: கால் பலம் சீக்கிரம் திரும்பிவிடும், சிறுநீரை அடக்கும் பலம்தான் நிதானமாக வரும். சிலருக்கு அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பயப்பட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கெகல் பயிற்சியை, அதாவது சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, சிறுநீர் டியூப் எடுத்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஃபிசியோதெரபிஸ்ட் விளக்கியது இப்படி: "நாலு பேர் நடுவுல காத்து பிரியாம அடக்குவீங்களே சார், அந்த இறுக்கம்தான். வயிறு, தொடை எல்லாம் தளர்வா இருக்கணும். மூச்சைப் பிடிக்காதீங்க."

நடக்கும்போது எனக்குச் சிறுநீர் அவ்வளவாகக் கசியவில்லை. பூங்கா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும் அந்த நொடியில்தான் கசிந்தது. உட்கார்ந்தபடியே முதலில் இறுக்கி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தால் நிற்கிறது. தும்மலுக்கும் இருமலுக்கும் இதே வழிதான். பொழுது சாய்ந்தால் அந்தத் தசை களைத்துப்போகும், அதனால் காலை நடைதான் நல்லது. நம் ஊர் வெயிலுக்கும் அதுவே சரி.

6 வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். 20 லிட்டர் தண்ணீர் கேன் பக்கமே போகாதீர்கள், கேன் போடும் தம்பியையே கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சைக்கிள் அதற்கும் பிறகுதான், சீட் அழுத்துவது சரியாக அந்த இடத்தைத்தான்.

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி:

சார், பெஞ்ச் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்க வீட்டுக்காரர் கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சிறுநீர் மஞ்சளாகப் போய், எரிச்சலும் அவசரமும் கூடியதுதான் மிச்சம். டாக்டர் தண்ணீரைக் கூட்டி, காபியைக் குறைக்கச் சொன்னார். ஸ்ட்ராங் ஃபில்டர் காபியை விடுவது அவருக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனால் பலன் தெரிந்தது.

கசிவுக்கு வைக்கும் பேட் மாற்றத்தான் வெளியில் சிரமம். ஆண்கள் கழிப்பறையில் அதைப் போட ஒரு குப்பைக்கூடை இருப்பதில்லை. பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவதையே அவர் நிறுத்திவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. இப்போது இரண்டு பேட், பழைய பேப்பர், ஒரு கறுப்புக் கவர் போட்டு மஞ்சப்பையில் நானே கொடுத்தனுப்புகிறேன், போய் வருகிறார். ஆண்கள் கழிப்பறையிலும் மூடி போட்ட கூடை வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கப் போகிறேன். பக்கத்து வார்டுக்காரர்களும் கொடுங்கள்.