ஆர்என்ஏ ஏறினா புரதமும் ஏறுமா? பெங்களூருத் தமிழ் ஆய்வாளர் திரி

ஹெப்பாள்_மாணவன்: பேப்பர் ரிவிஷனுக்குத் திரும்பி வந்திருக்கு. கல்லீரல் புற்றுநோய் செல்லில் மருந்து போட்டு, 6 மணி நேரத்தில் ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீனோட ஆர்என்ஏ எவ்வளவு இருக்குன்னு மொத்தமா அளக்கிற சோதனை) எடுத்தோம். ஏறின ஜீன்களைச் சொல்லி "இந்தப் புரதங்கள் அதிகரித்தன"ன்னு எழுதியிருந்தோம். "புரதத்தை அளந்தீர்களா?"ன்னு ரிவ்யூவர் கேக்கறார். ஜீனோட நகலான எம்ஆர்என்ஏ-விலிருந்துதானே புரதம் வருது? புரதங்களை மொத்தமா அளக்கிற மாஸ் ஸ்பெக் பண்ண ஃபண்ட் கிடையாது.

யஷ்வந்தபுரம்_அக்கா: அவர் கேட்டது நியாயம் தம்பி. 2011-ல் ஷ்வான்ஹாய்சர் குழு எலி ஃபைப்ரோபிளாஸ்டில் (இணைப்புத்திசு செல்) 5,000-க்கு மேல ஜீன்களுக்கு எம்ஆர்என்ஏ, புரதம் ரெண்டையும் அளந்தாங்க. புரத அளவு வேறுபாட்டில் 40 சதவீதம் போலத்தான் எம்ஆர்என்ஏ-வை வச்சு விளக்க முடிஞ்சுது. அரை ஆயுளின் (பாதி அழியற நேரம்) நடுமதிப்பு எம்ஆர்என்ஏ-வுக்கு 9 மணி, புரதத்துக்கு 46 மணி. உன் 6 மணியில் பல புரதங்கள் அசைஞ்சே இருக்காது.

ஜெயநகர்_கோடர்: மறுபடியும் அந்த 40! 2014-ல் லீ, பிக்கல், பிகின் மூணு பேரும் அளவீட்டுப் பிழையைச் சரிபண்ணிப் பார்த்தாங்களே. குறைஞ்சது 56 சதவீதம், இன்னொரு வழியில் 81 வரை வந்தது. மாஸ் ஸ்பெக்கோட இரைச்சலுக்கு ஆர்என்ஏ மேல பழி போடாதீங்க. மார்பகப் புற்றுநோயில் ஆன்கோடைப் டிஎக்ஸ்ங்கிற டெஸ்ட் 21 ஜீன்களின் ஆர்என்ஏ-வை வச்சுத்தான் கீமோ வேணுமான்னு முடிவெடுக்க உதவுது. புரதம் அங்க யாருக்கு வேணும்?

யஷ்வந்தபுரம்_அக்கா: அந்த ஸ்கோரை நோய் திரும்பி வந்ததோட நேரடியா பொருத்திப் பார்த்திருக்காங்க. அதுக்குப் புரதத்தை ஊகிக்க வேண்டிய வேலையே இல்ல. தம்பி எழுதினது "புரதம் அதிகரித்தது"ன்னு.

அதோட நீங்க சொல்ற 56, 81 எல்லாம் ஒரே வகை செல்லுக்குள்ள ஜீனுக்கு ஜீன் ஒப்பிடற கணக்கு. செல்லுக்கு வடிவம் தர்ற ஆக்டின் எப்பவும் குவிஞ்சு கிடக்கும், ஜீன்களை இயக்கற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் எப்பவும் சொற்பம். அந்தக் கணக்கில் பொருத்தம் நல்லாத்தான் தெரியும். தம்பி கேக்கறது வேற: ஒரே ஜீன், மருந்துக்கு முன்னும் பின்னும். 2014-ல் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த ரெண்டு கணக்கையும் பார்த்தாங்க. ஒரே கட்டிக்குள்ள ஜீன்களுக்கு இடையே கோரிலேஷன் (ஆர்என்ஏ-வும் புரதமும் பொருந்தற அளவு, 1-னா முழுப் பொருத்தம்) சராசரி 0.47. ஒவ்வொரு ஜீனையும் கட்டிகளுக்கு இடையே பார்த்தா 0.23. புள்ளியியல்படி தேறினது 32 சதவீத ஜீன்கள்தான்.

இரைச்சலை மட்டும் காரணம் சொல்லி இதைத் தாண்ட முடியாது. இரும்பைச் சேமிக்கிற ஃபெரிட்டின் புரதத்தை எடுங்க. இரும்பு குறைவா இருக்கும்போது ஐஆர்பி புரதம் அதோட எம்ஆர்என்ஏ-வைப் பிடிச்சுக்கும், புரதம் செய்யற ரைபோசோம் வேலையைத் தொடங்காது. இரும்பு ஏறினா பிடி விடும், புரதம் பெருகும். எம்ஆர்என்ஏ கிட்டத்தட்ட இருந்த அளவே இருக்கும். ஆக்சிஜன் குறைஞ்சா மத்த ஜீன்களை இயக்கற ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தோட கதையும் தெரியும்ல, 2019 நோபல்? ஆக்சிஜன் இருந்தா விஎச்எல்ங்கிற இன்னொரு புரதம் வழியா அழிஞ்சுடும், இல்லாட்டி சேரும். ஆர்என்ஏ-சீக்ல இதைத் தேடினா என்ன கிடைக்கும்?

ஜெயநகர்_கோடர்: ஹிஃப் இயக்கற ஜீன்கள் ஏறினது கிடைக்கும் அக்கா! ரத்தக்குழாயை வளர்க்கிற விஇஜிஎஃப் எகிறுமே. மார்பகப் புற்றுநோயில் எச்இஆர்2 மாதிரி ஜீனே பெருகின இடத்தில் ஆர்என்ஏ-வும் புரதமும் சேர்ந்துதான் ஏறுது. "புரதம்"ங்கிற வார்த்தையை அடிச்சுட்டு "எம்ஆர்என்ஏ அதிகரித்தது"ன்னு எழுதட்டும். ஒரு மாணவனை எதுக்கு லட்சக்கணக்கில் செலவு பண்ணச் சொல்றீங்க?

யஷ்வந்தபுரம்_அக்கா: நான் மாஸ் ஸ்பெக்னு சொல்லவே இல்லையே. வாதத்தைத் தாங்குற மூணு ஜீனைப் பொறுக்கி வெஸ்டர்ன் (புரதங்களை ஜெல்லில் பிரிச்சு ஆன்டிபாடியால தேடற சோதனை) பண்ணட்டும். 6, 24, 48 மணி. ஜீனை நாக்டவுன் பண்ணின (செயலைக் குறைச்ச) செல்லையும் ஒரு லேன்ல ஓட்டணும், ஆன்டிபாடி எதைப் பிடிக்குதுன்னு தெரியணும்ல.

ஹெப்பாள்_மாணவன்: மூணுல ரெண்டு வெளியே சுரக்கற புரதம். லைசேட் (செல்லை உடைச்சு எடுத்த சாறு) போதுமா?

யஷ்வந்தபுரம்_அக்கா: போதாது. செல் வளர்ற திரவமான மீடியத்தையும் எடு. கடைசி சில மணி நேரம் மீடியத்தில் கன்றுக்குட்டி சீரம் சேர்க்காம வை, இல்லாட்டி அதில் இருக்கிற ஆல்புமின் புரதம் ஜெல்லை நாசம் பண்ணிடும்.

ஜெயநகர்_கோடர்: சீரத்தை எடுத்தா செல்லோட ஆர்என்ஏ-வே மாறுமே அக்கா. அந்தப் புரதத்தைப் பழைய ஆர்என்ஏ டேட்டாவோட எப்படி ஒப்பிடுவான்?

யஷ்வந்தபுரம்_அக்கா: மருந்து போடாத செல்லுக்கும் அதே நேரம் சீரத்தை எடுக்கணும். அதே பிளேட்ல கொஞ்சம் ஆர்என்ஏ எடுத்து அந்த மூணு ஜீனை மட்டும் அளக்கிற க்யூபிசிஆரும் போடட்டும். அதுக்கு லட்சம் ஆகாது.