நாட்டிய ஒத்திகைக்கு மிருதங்கம் வாசிக்க ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், அப்புறம் பரதநாட்டியத்துக்கு இசையும் அமைக்கிறேன். மாலை முழுக்க மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடம்தான். ஆதி தாளத்தில் தட்டு விழுந்ததும் சுண்டுவிரலை எண்ணாமல் ஆள்காட்டி விரலுக்குத் தாவுகிற வாண்டுகளோடே பொழுது போய்விடும்.

ஓசூர் நடனக் குழு ஒன்றுக்காக மிஸ்ர சாபு என்கிற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு தில்லானா (நிகழ்ச்சி முடிவில் ஆடுகிற விறுவிறுப்பான உருப்படி) போட்டிருக்கிறேன். ஆடுபவர்கள் ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, கொஞ்சம் நீட்டினாலும் கோர்வை (முடிவில் வருகிற தாளக் கணக்கு) சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வந்து சேர மாட்டேன் என்கிறது. தாளச் செயலியை வைத்து ஒப்பேற்றிப் பார்த்தேன். அதற்கு ஆடுபவரின் கால் தெரியுமா என்ன?

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஞாயிறு காலையில் வந்து வாசிக்கக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நட்டுவாங்கத்தோடு (தாளம் தட்டி ஜதி சொல்லி நடனத்தை நடத்துவது) வாசித்துப் பழகியிருக்க வேண்டும். கச்சேரி அனுபவம் மட்டும் இதற்குப் போதாது. சன்மானமும் பஸ் செலவும் தந்துவிடுகிறேன்.