க்ராக் கலந்த களிமண்: பெரிய ஜாடிக்கும் கோப்பைக்கும் ஒரே மண் போதுமா?

கேள்வி:
முழங்கால் உயர ஜாடி ஒன்றை, மண்ணைக் கயிறுபோல் உருட்டிச் சுருள் வைத்துக் கட்டுகிறேன். வழவழப்பான மண்ணில் பாதி உயரத்திலேயே சுவர் தொய்கிறது. நின்றாலும் காயும்போது அடியில் விரிசல் விடுகிறது. க்ராக் (grog, சுட்டு இடித்த மண்துகள்) கலந்த மண்ணுக்கு மாறினால் எவ்வளவு க்ராக் இருக்க வேண்டும்? மிஞ்சுவதில் சக்கரத்தில் கோப்பை செய்யலாமா?

பதில் 1:
ஜாடிக்குத் தயங்காமல் க்ராக் மண்ணையே எடுங்கள். க்ராக் என்பது ஏற்கெனவே சுட்டு இடித்த மண்தான். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. அதைக் கலந்தால் மொத்தச் சுருக்கம் குறையும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியும் கிடைக்கும். அதனால்தான் தடித்த அடி விரிசல் விடாமல் காய்கிறது. இந்த உயரத்துக்கு 20 சதவீதம் தாராளம். பொடியும் குருணையும் கலந்திருப்பதாகப் பாருங்கள். வெறும் குருணை என்றால் சுருளை வளைக்கும்போதே ஓரம் பிளக்கும்.

மணல் கலந்த மண்ணும் கிடைக்கும். கட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது, சூளையில் தெரியும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸ் பக்கம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே வெப்பநிலையில் சட்டென்று சுருங்கும். அதில் பாத்திரம் விரிசல் விடலாம். பெரிய பாத்திரத்துக்கு நான் க்ராக்கைத்தான் நம்புவேன்.

பதில் 2:
கோப்பைக்கு அந்த மண் வேண்டாம். சக்கரத்தில் மையப்படுத்தும்போதே உள்ளங்கை ஓரம் சிவந்துவிடும். அடியைச் செதுக்கும்போது ஒவ்வொரு குருணையும் பெயர்ந்து ஒரு கோடு இழுக்கும். குடிக்கும் விளிம்பில் அந்தச் சொரசொரப்பு கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பூசிய பிறகும் உதட்டில் தட்டும். சக்கரத்துக்கு வழவழப்பான மண், அல்லது மிக நுண்ணிய க்ராக் உள்ளது போதும்.

ஜாடியில் கடைசியாக ஸ்பாஞ்ச் வைத்துத் துடைக்காதீர்கள். நுண்மண் கழுவிப் போய்க் குருணை துருத்திக்கொண்டு நிற்கும். ரப்பர் ரிப்பால் (மண்ணை வழிக்கும் தட்டையான தகடு) அழுத்தி இழுங்கள், குருணை உள்ளே அமுங்கிவிடும். சொரசொரப்புதான் வேண்டுமென்றால் தோல் பதத்தில், அதாவது மண் பாதி காய்ந்து விறைத்த நிலையில், உலோக ரிப்பால் சுரண்டிவிடுங்கள். பள்ளமும் கோடுமாக வரும் அந்த முகத்தின் மேல் இரும்பு ஆக்ஸைடு பூசித் துடைத்தால் அவ்வளவு அழகு!

கேட்டவர்:
நன்றி. கோப்பைக்குத் தனி மண்ணே வாங்குகிறேன். சுட்ட பிறகு ஜாடியின் அடி மேஜையைக் கீறாதா?

பதில் 1:
கீறும். வைரத்தூள் பதித்த தேய்ப்பானைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உலர வைத்துத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு.