சம்பங்கி புல் மாதிரி மண்டிக் கிடக்கிறது, ஒரு பூத்தண்டு கூட வரவில்லை

மதுரை மாடி:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் சத்தியமங்கலம் பக்கம் இருக்கும் என் அத்தை ஒரு பை நிலச்சம்பங்கிக் கிழங்கு கொடுத்தனுப்பினார், சிங்கிள் வகை (ஓரடுக்கு இதழ் உள்ளது). பெரிய தொட்டி ஒன்றில் எட்டுக் கிழங்கு வைத்தேன். முதல் வருடம் ஆறு தண்டு வந்தது, சாயங்காலம் ஆனால் வாசனை மாடிப்படி இறங்கி வீட்டுக்குள்ளேயே வரும். அடுத்த வருடம் இரண்டே தண்டு. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. இலை மட்டும் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிகிறது. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றுகிறேன், தண்ணீரும் குறை வைப்பதில்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி எழுப்பிவிட்டார்கள், அதனால் காலை பத்து மணிக்கு மேல் தொட்டியில் வெயில் விழுவதில்லை. மாமியார் இலையை அறுத்துவிடச் சொல்கிறார். கிழங்கு வயதாகிவிட்டதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கட்டுமா? அத்தை இப்போது இல்லை, அதனால் தூக்கிப் போட மனசு வரவில்லை.

சத்தி காட்டுக்காரன்:
தூக்கிப் போடாதீங்க சகோதரி. ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் தண்டு விடும். பூத்து முடித்ததும் அது வற்றிவிடும், அதைச் சுற்றி வந்திருக்கும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்து பூக்க வேண்டும். உங்கள் எட்டுக் கிழங்கு இப்போது ஐம்பது அறுபது ஆகியிருக்கும், அத்தனையும் ஒரே தொட்டிக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்தால் எது பருக்கும்? 25-30 கிராம் எடை இருந்தால்தான் தண்டு வரும் என்று நம்பி நடலாம், அதாவது சின்ன எலுமிச்சை அளவு. எங்கள் காட்டிலேயே மூன்று வருடத்துக்கு மேல் விட்டால் பூ சிறுத்துப் போகும், பிடுங்கிப் பிரித்து நட்டுவிடுவோம்.

இப்போது சித்திரை, சரியான நேரம். தண்ணீரை நிறுத்துங்கள். இலை பழுத்து மடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கைப் பிரித்து, மண்ணை உதறி நிழலில் ஒரு மாதம் கிடக்கட்டும். வெயிலில் போட வேண்டாம். ஆனி ஆடியில் (ஜூன், ஜூலை) நடுங்கள். கிழங்குக்கு மேல் ஒரு அங்குலம் மண் இருந்தால் போதும், ஆழத்தில் புதைத்தால் முளை வரவே சோர்ந்துவிடும்.

கோவை மொட்டைமாடி:
அண்ணன் சொன்ன அந்த ஒரு மாதத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். நான் அவசரப்பட்டு, பிடுங்கிய அன்றைக்கே மறுபடி நட்டேன், முளைப்பு முன்னும் பின்னுமாக வந்து அந்த வருடம் முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, உங்களுக்கு வெயிலும் ஒரு காரணம். சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்த செடி, நாள் முழுக்க வெயில் காய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரமாவது படுகிற இடம் மாடியில் எங்கே இருக்கிறதோ அங்கே தொட்டியை இழுத்து வையுங்கள். புண்ணாக்கில் தழைச்சத்து தூக்கல், வாரா வாரம் ஊற்றினால் இலைதான் கொழிக்கும். மாதம் ஒரு தடவை போதும், நடும்போது எலும்புத்தூளும் கொஞ்சம் சாம்பலும் மண்ணில் கலந்துவிடுங்கள். இலையை அறுக்கிற யோசனையை மட்டும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள், பச்சை இலை இருந்தால்தான் கிழங்கு ஊறும். பழுத்ததை அறுக்கலாம்.

மதுரை மாடி:
நாலு வாரம் கழித்து வருகிறேன். இன்று தொட்டியைக் கவிழ்த்தேன், மண்ணே தெரியவில்லை, தொட்டி வடிவத்திலேயே கிழங்கும் வேரும் ஒரு கட்டியாக வந்து விழுந்தது. நடுவில் பழைய கிழங்குகள் காய்ந்த வெங்காயத்தோல் மாதிரி, அமுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டு பூண்டுப் பல் அளவில் நாற்பத்துச் சொச்சம், எலுமிச்சை அளவில் பதினொன்று. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அத்தை கொடுத்தது எட்டுத்தானே. ஆனால் ஒரு ஓரத்தில் நாலு கிழங்கின் வேரில் மட்டும் கடுகு கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிறது. இது என்ன?

சத்தி காட்டுக்காரன்:
நூற்புழு, வேருக்குள் புகுந்து முடிச்சு போட வைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்த நாலையும் குப்பையோடு அனுப்பிவிடுங்கள், தோட்டத்து உரக்குழியில் போட வேண்டாம். அந்த மண்ணும் சம்பங்கிக்கு இனி ஆகாது. வேறு தொட்டியில் அதை நிரப்பி ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போடுங்கள், நூற்புழு குறையும். புது மண்ணில் வேப்பம் புண்ணாக்கு ஒரு கை கலந்து பதினொன்றையும் மூன்று தொட்டியாகப் பிரித்து வையுங்கள். முளை வரும்வரை தண்ணீர் ஈரம் காட்டினால் போதும், தேங்கினால் அழுகிவிடும். ஆடியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தண்டு பார்க்கலாம். பூண்டுப் பல் அளவு கிழங்குகளைத் தனியாக ஒரு அகலத் தொட்டியில் நெருக்கி நடுங்கள், ஒரு வருடம் பருக்கட்டும், அதிலிருந்து இந்த வருடம் பூ எதிர்பார்க்காதீர்கள்.

மதுரை மாடி:
சரி அண்ணா, நாலையும் அப்புறப்படுத்திவிட்டேன். மற்றதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் பரப்பியிருக்கிறது. சின்னக் கிழங்கில் எனக்கு இருபது போதும். மதுரைப் பக்கம் யாருக்காவது வேண்டும் என்றால் இங்கே எழுதுங்கள், ஆனி பிறப்பதற்குள் கொடுத்துவிடுகிறேன்.