அப்பாவின் சொரியாசிஸ்: வெட்பாலைத் தைலம் மட்டும் போதாதா?

மேலூர் மகள்
அப்பாவுக்கு 61 வயது. 11 வருடமாகச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், இடுப்பு, உச்சந்தலை என்று படை இல்லாத இடம் குறைவு. காலையில் அவர் படுத்த பாயை மாடியில் நான்தான் உதறுவேன், வெள்ளை வெள்ளையாகச் செதில் பறக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அன்றிலிருந்து அப்பா எந்த விசேஷத்திலும் சாப்பிட உட்காருவதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் அத்தை தோட்டத்திலிருந்து வெட்பாலை இலை கொண்டுவந்தார். கத்தி படக்கூடாது, கையால்தான் கிள்ள வேண்டும் என்பார். கிள்ளக் கிள்ளப் பால் வடிந்து விரல் பிசுபிசுவென்று ஒட்டும். வாயகன்ற கண்ணாடிச் சாடியில் இலையைப் போட்டு, மூழ்கும் வரை செக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி வெயிலில் வைத்தோம். இரண்டாம் நாளே எண்ணெய் ஊதாவாகத் திரும்பியது. ஒரு வாரத்தில் நாவல்பழ நிறம் வந்துவிட்டது. பனியன், தலையணை உறை எல்லாம் கறை. பரவாயில்லை. செதில் பாதிக்கு மேல் உதிர்ந்து, அரிப்பு அடங்கி, அப்பா ராத்திரி தூங்குகிறார்.

தோல் மருத்துவரிடம் சொன்னேன். பாட்டிலை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "எண்ணெய் எல்லாம் போடாதீங்க" என்று சொல்லிப் பழைய சீட்டையே திரும்ப எழுதினார். களிம்பு, மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டோம். எண்ணெயே போதும் என்பது எங்கள் அனுபவம். தவறு என்று நினைப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கிறேன்.

மலைக்கோட்டை மருந்தாளுநர்
அக்கா, அப்பா தூங்குகிறார் என்பது சந்தோஷம். ஆனால் நிறுத்திய மாத்திரை எது? அதை முதலில் சொல்லுங்கள்.

காரணம் கேட்டீர்கள். நம் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். சொரியாசிஸில் அதே பயணம் நாலைந்து நாளில் முடிந்துவிடும். முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதுதான் நீங்கள் உதறும் செதில். அவசரப்படுத்துவது உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம். மேலே தடவும் எண்ணெய் அதுவரைக்கும் போகாது. செதிலுக்கு நடுவே இருக்கும் காற்று இடுக்குகளை எண்ணெய் நிரப்பியதும் வெள்ளை மறைந்துவிடும், தடித்த செதில் ஊறிக் கழன்றுவிடும், வறட்சி போவதால் அரிப்பும் குறையும். இவ்வளவையும் வெறும் தேங்காய் எண்ணெயே செய்யும். வெட்பாலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பது தேங்காய் என்பது என் கருத்து.

பொருநைக் கரை
நான் சித்த மருத்துவம் படித்து 14 வருடமாகப் பார்த்துவருகிறேன். தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை இல்லை.

எண்ணெய் ஏன் ஊதாவாகிறது? வெட்பாலை இலையில், அவுரி என்ற நீலச் சாயச் செடியில் இருக்கும் சாயச் சேர்மங்களே இருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்த இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். அந்தச் சேர்மங்களில் இண்டிருபின் ஒன்று. சீன மருத்துவத்தில் நீலச் செடிகளிலிருந்து எடுக்கும் பொடியிலும் அது உண்டு. அந்தப் பொடியைக் களிம்பாக்கித் தைவானில் 42 சொரியாசிஸ் நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்து, 2008-ல் வெளியிட்டார்கள். உடம்பின் ஒரு பக்கம் மருந்துக் களிம்பு, மறு பக்கம் மருந்தில்லாத களிம்பு. மருந்து தடவிய பக்கம் தெளிவாக மேலாக இருந்தது. ஆகவே தேங்காய் எண்ணெய் மட்டும்தான் வேலை செய்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. இதே தைலத்தை 777 எண்ணெய் என்ற பெயரில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சிக் குழுவும் ஆராய்ந்திருக்கிறது.

அதே சமயம், மேலூர் மகளே, காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸுக்கு எங்கள் பெயர்) தைலம் மட்டும் போதும் என்று சித்த மருத்துவமும் சொல்லவில்லை. பேதி, உள்மருந்து, பத்தியம் எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. தைலம் அதில் ஒரு பங்கு.

மலைக்கோட்டை மருந்தாளுநர்
டாக்டர், தைவான் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது செறிவாக்கிய பொடியில் செய்த களிம்பு. மாடியில் வெயில் காட்டிய சாடியில் எவ்வளவு இண்டிருபின் இறங்கியது என்று யார் அளந்தது? இலை இளசா முற்றலா, வெயிலா மழைக்காலமா என்று ஒவ்வொரு சாடியிலும் அளவு மாறும். வெட்பாலை என்று கேட்டால் குடசப்பாலை என்ற வேறு மரத்தின் இலையைக் கொடுத்தனுப்பும் கடைகளும் உண்டு.

நெய்தல்
நான் எண்ணெய்க்கு எதிரான கட்சி. காரணம் என் முதுகில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சந்தைக் கடையில் மூலிகை எண்ணெய் வாங்கினேன். லேபிளில் ஒரு மூலிகைப் படமும் போன் நம்பரும் மட்டும். பத்தே நாளில் முதுகு பளபளவென்று ஆனது. பார்த்தவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தேன். எட்டு மாதத்தில் அக்குளிலும் தொடையிலும் பிரசவ வரி மாதிரிச் சிவந்த கோடுகள். நான் ஆண். கடைக்காரர் ஊரைக் காலிசெய்ததும் எண்ணெய் நின்றது. மூன்றாவது வாரம் தலை முதல் கால் வரை உடம்பு சிவந்து, மே மாத வெயிலில் கம்பளி போர்த்தியும் குளிர் நிற்காமல், ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வரிகளைப் பார்த்ததும் எண்ணெயில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதைத் திடீரென்று நிறுத்தியதில் நோய் முழு வேகத்தில் திரும்பிவிட்டது. இயற்கை என்ற சொல்லை நம்பி நான் கொடுத்த விலை அது.

மேலூர் மகள்
உங்களுக்கு நடந்தது கொடுமை, மனசு கலங்குகிறது. ஆனால் அந்தப் பழியை எங்கள் சாடி மேல் போடாதீர்கள் அண்ணா. இலையை நான் கிள்ளினேன், எண்ணெய் எங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டியது. இதில் ஸ்டீராய்டு எங்கிருந்து வரும்? மருந்துச்சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது மருந்துக்கடைகள்தானே? அதையும் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மருந்தாளுநர்
சொல்கிறேன். எங்கள் தொழிலின் அசிங்கம் அது, மறைக்க ஒன்றுமில்லை. 2018-ல் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிய பிறகும் விற்கிறார்கள்.

வீட்டில் செய்தது, கடையில் வாங்கியது என்று பிரித்துச் சொன்னது நியாயம். கடையில் வாங்குகிறவர்கள் உரிம எண், சேர்மானப் பட்டியல், தயாரித்த தேதி மூன்றையும் பார்க்க வேண்டும். பத்து நாளில் மாயமாக மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கோவை அம்மா
என் மகனுக்கு இருப்பது சொரியாசிஸ் இல்லை, கரப்பான் (எக்சிமா). ஆனாலும் எல்லா எண்ணெயையும் ஒரே தட்டில் வைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயைத் தடவித் தடவி அவன் கன்னம் வெடித்து நீர் வடிந்தது. நல்லது என்று நினைத்துத்தானே தடவினேன், இன்றும் ஆறவில்லை. ஆலிவ் எண்ணெய் தோலின் மேல்தடுப்பையே குலைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று 2013-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வொன்று காட்டியதைப் பிறகுதான் படித்தேன். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், தோலில் குடியிருக்கும் ஸ்டாஃப் கிருமியைக் குறைப்பதில் ஆலிவை விடச் சுத்திகரிக்காத (விர்ஜின்) தேங்காய் எண்ணெய் மேலாக இருந்தது. இப்போது குளித்து ஈரம் துடைத்த கையோடு தேங்காய் எண்ணெய், சிவந்தால் மட்டும் மருத்துவர் கொடுத்த களிம்பு. எண்ணெயும் களிம்பும் என் வீட்டில் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

மலைக்கோட்டை மருந்தாளுநர்
அக்கா, மாத்திரை பெயர் இன்னும் வரவில்லை. இன்னொன்று: அப்பாவின் நகம் எப்படி இருக்கிறது? காலையில் விரல் மடங்குகிறதா?

மேலூர் மகள்
வாரத்துக்கு ஒன்று போடும் மஞ்சள் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட். நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரிக் குழி குழியாக இருக்கும், அது ரொம்ப நாளாக. காலையில் கை மரத்துக் கிடக்கிறது என்பார். ஒரு மணி நேரம் ஆகும், காபி டம்ளரை அம்மாதான் பிடித்துக் கொடுப்பார். வயசு என்று நினைத்தோம்.

பொருநைக் கரை
அம்மா, இதை வயசு என்று விடாதீர்கள். நகக்குழியும் காலை விறைப்பும் சேர்ந்து வந்தால் நோய் மூட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சொரியாசிஸ்காரர்களில் கணிசமானவர்களுக்கு இது வரும். தேய்ந்த மூட்டு திரும்ப வராது. இதைத் தைலத்தை வைத்து நான் பார்க்க மாட்டேன், மூட்டு வாத நிபுணரிடம் அனுப்புவேன். நிறுத்திய மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்லட்டும்.

நெய்தல்
தைலத்தை அப்போதும் விடச் சொல்ல மாட்டீர்களா டாக்டர்?

பொருநைக் கரை
மாட்டேன். தோலுக்கு அது செய்வதைச் செய்யட்டும். மூட்டுக்கு அது மருந்தில்லை.

மலைக்கோட்டை மருந்தாளுநர்
வெட்பாலையா தேங்காயா என்ற சண்டைக்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வலது முழங்கையில் தைலம், இடதில் அதே செக்கு எண்ணெய் மட்டும். வாரம் ஒரு படம், அதே வெளிச்சத்தில் எடுங்கள்.

மேலூர் மகள்
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூட்டு வாத மருத்துவர் எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தார். நோய் விரல் மூட்டில் இறங்கியிருக்கிறது, ஆரம்ப நிலைதான் என்றார். வாரம் ஒருமுறை மாத்திரை, மற்ற நாளில் ஃபோலிக் அமிலம், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று நாலு தடவை சொன்னதால் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறோம். தைலப் பாட்டிலை மேசையில் வைத்தேன். முகர்ந்து பார்த்து, எப்படிச் செய்தோம் என்று கேட்டுவிட்டு, புண் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம் என்றார்.

முழங்கை விஷயம்: செதில் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் போயிருக்கிறது. சிவப்பு வலதில் கொஞ்சம் கம்மி என்கிறார் அம்மா. அப்பாவுக்கு அப்படித் தெரியவில்லை. படங்களைப் பார்த்தால் எனக்கு அம்மா பக்கம்தான் தோன்றுகிறது, ஆனால் ஊதாக் கறையில் சிவப்பை எப்படிப் பிரிப்பது?

மலைக்கோட்டை மருந்தாளுநர்
மாத்திரையும் உள்ளே வேலை செய்வதால் இனி பிரிப்பது இன்னும் கஷ்டம் அக்கா. கறை போகப் படம் எடுப்பதற்கு முந்தின ராத்திரி மட்டும் இரண்டு கையிலும் எதுவும் தடவாமல் விடுங்கள். டம்ளர்?

மேலூர் மகள்
நேற்று அவரே பிடித்துக் குடித்தார்.