மறுவாழ்வு இல்ல ஊழியச் சந்திப்பு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். மதுவிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள்வதற்காகப் பலர் தங்கியிருக்கும் ஒரு மறுவாழ்வு இல்லத்தை எங்கள் சபைக் குழு அடுத்த மாதம் சந்திக்க இருக்கிறது.

புகைப்படம் எடுக்கக் கூடாது, யாருடைய கடந்த காலத்தையும் துருவிக் கேட்கக் கூடாது, ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பான், சானிடைசர், வாசனைத் திரவியம் போன்றவற்றை அன்பளிப்புப் பைகளில் வைக்கக் கூடாது என்று இல்லப் பொறுப்பாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். திருவிருந்துக்கு நொதிக்காத திராட்சரசத்தையே பயன்படுத்துவோம். 1869-இல் தாமஸ் வெல்ச் என்பவர் அதைச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்காகவே கண்டறிந்தார் என்பதால், இதில் யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை.

எங்களுக்கு உதவி தேவைப்படுவது பேச்சில்தான். பழக்கத்தை விட்ட முதல் வாரங்களில் தூக்கமின்மையும் பதற்றமும் எரிச்சலும் வாட்டும்போது, நீண்ட பிரசங்கம் அவர்களுக்குப் பாரமாகிவிடும் என்றே நினைக்கிறேன். போதையை அறியாத எங்கள் இளைஞர்கள் சாட்சி சொல்வது பொருத்தமா, அல்லது பாடி, ஜெபித்து, உடன் அமர்ந்து கேட்பதே போதுமா? இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களைச் சபை எவ்வாறு தொடர்ந்து தாங்குவது? இவ்வூழியத்தில் இருப்பவர்களும், மீண்டு வந்தவர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் தயவுசெய்து எழுதுங்கள்.